மண் இறங்கிய இடம்

மாடு காணாமல் போன மறுநாளிலிருந்து யூஜினியாவின் அறை வாசலுக்குப் பால் வரவில்லை.

அதுவரை அது தவறியதே இல்லை. விடிவதற்கு முன்னாலேயே தனேஸ்வரி மாடுகளைக் கறந்துவிடுவாள். தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போத்தல்களில் ஊற்றி அனுப்பும் முன், மூடி போட்ட குவளையில் சூடான பாலைக் கொண்டுவந்து பின்கட்டு அறையின் வாசலில் வைத்து, "அக்கா, பாலு" என்று கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். யூஜினியா அதைக் குடித்துவிட்டுத்தான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சைட்டுக்குக் கிளம்புவது.

யூஜினியா ரயில்பாதை வேலையில் மேனேஜர். கொமுட்டர் ரயிலைக் கோலா சிலாங்கூர் வரைக்கும் நீட்டுவதற்காக நெடுஞ்சாலையை ஒட்டியே மண்கரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் கம்பித் தோட்டத்துச் செம்பனைகளைத் தொட்டுக்கொண்டு போகும் பகுதி அவள் பொறுப்பு. அவளுக்குச் சொந்த ஊர் பத்தாங் காலி. கணவன் இயனுக்குக் கோலா குபு பாருவில் அரசாங்க வேலை. தினமும் அங்கிருந்து வந்து போவது முடியாத காரியம் என்று தனேஸ்வரி வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனால் ஞாயிறு பூசை முடித்துத் திரும்பி வருவாள்.

தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் லயத்துக்குப் பதிலாகக் கிடைத்த தரைவீடு அது. பின்னால் வாய்க்கால் ஓரமாகத் தகரக் கொட்டகை. அதில் ஐந்தாறு மாடுகள். தனேஸ்வரியின் கணவன் செல்வா தோட்டத்தில் செம்பனைப்பழ லோரி ஓட்டியவன். தோட்டம் போனதும் அங்கே இங்கே என்று ஓடி, எதிலும் நிலைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். யூஜினியாதான் அவனைக் கூப்பிட்டுச் சைட் வாசலில் லோரிகளுக்குக் கொடி காட்டும் வேலையில் போட்டாள். அந்த நன்றியில்தான் பால் வந்துகொண்டிருந்தது என்று யூஜினியா நினைத்திருந்தாள். இப்போது நின்றுபோனதும்தான், அது அவ்வளவு சின்னக் கணக்கு இல்லை என்று பட்டது.

காணாமல் போன மாட்டுக்குப் பவுனு என்று பேர். மஞ்சள் கலந்த சிவப்பு. முதல் சினை. மற்ற மாடுகளோடு மேயப் போனது மழை கட்டிய ஒரு சாயங்காலம் திரும்பவில்லை. அதே சாயங்காலம்தான் சைட்டில் வேலை செய்த ரஃபிக் என்ற வங்காளதேசத்துப் பையனும் காணாமல் போனான். இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"அக்கா, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க," என்று தனேஸ்வரி அன்று துணி காயப்போட்டபடியே ஆரம்பித்தாள். "உங்க சைட்டுல ஒரு பங்களாப் பையன் ஓடிட்டானாமே?"

"யாரு சொன்னா?"

"கடையில பேசிக்கிட்டாங்க. ரஃபிக்காம். என் மாடு போன அதே பொழுதுல."

"ஆளு ஓடுறது புதுசா தனா? வேற எடத்துல நல்ல வேலை கெடைச்சா போயிருவாங்க. எங்களுக்கு இது பழகிப்போச்சி."

"போறவன் மாட்டையும் இழுத்துக்கிட்டுப் போவானா?"

"நீ பாத்தியா?"

"பாக்கல. பாக்காததுனாலதான் உங்கள கேக்குறேன். நீங்க மேனேஜரு. கொங்சிக்குள்ள போய்ப் பாக்கணும்னா யாரு தடுக்கப் போறா? தோலு, கொம்பு, எதாச்சும் கெடக்கும்லா."

"அவங்க சோத்துச் சட்டிய நான் தொறந்து பாக்கணுமா?"

"என் வயித்துல அடிச்சவன் சட்டிய தொறந்து பாத்தா என்னா?"

யூஜினியா போய்ப் பார்க்கத்தான் செய்தாள். தொழிலாளர்கள் தங்கியிருந்த கொங்சியின் பலகைக் கொட்டகைகளுக்குள் சங்கடத்தோடு நுழைந்து, அடுக்குக் கட்டில்களுக்கு அடியிலும் அடுப்பு மேடையிலும் கண்ணை ஓட்டிவிட்டுத் திரும்பினாள். கருவாடும் பருப்பும்தான் இருந்தன. ரஃபிக்கோடு ஒரே கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்த ஆலம்கீர், அவன் பை இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று காட்டினான். ஓடுகிறவன் பையை விட்டுவிட்டா ஓடுவான் என்று யூஜினியாவுக்குத் தோன்றியது. ஆனால் அதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

"ஒன்னும் இல்ல தனா," என்றாள் வந்து.

"முன்கூட்டியே சொல்லிட்டுப் போனா அங்க என்னா இருக்கும்?" தனேஸ்வரி நிமிரவில்லை. "கம்பெனி பேரு கெட்டுப்போயிரும்னு மறைக்கிறீங்க. பரவாயில்லக்கா. நீங்க திங்கிறவங்க. உங்களுக்கு அது வெறும் கறி. எங்களுக்கு அப்படி இல்ல."

யூஜினியா அறைக்குள் போனாள். இந்த வீட்டில் குடிவந்த நாளிலிருந்து அவள் ஊருக்குப் போனால்கூட மாட்டுக்கறி தொடுவதில்லை. அதைச் சொல்லிக்காட்டுவது அசிங்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பூசை முடித்துக் கார் ஓட்டி வந்தபோது தாமான் கடைமுன் கூட்டம். ஆலம்கீர் சாக்கடை ஓரம் உட்கார்ந்திருந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது. அரிசி வாங்க வந்தவனைத் தாமான் பையன் பவனேஷும் அவன் கூட்டாளிகளும் பிடித்து, உன் கூட்டாளி மாட்டை எங்கே வெட்டினான் என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். யாரும் தடுக்கவில்லை.

யூஜினியா அவனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பொலிசுக்குப் போகலாம் என்றதற்கு அவன் தலையை ஆட்டி மறுத்தான். விழுந்துவிட்டேன் என்றே சொல்லப் போவதாகச் சொன்னான். கொஞ்ச தூரம் போனபிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே மலாயில், "செல்வா அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு மேடம்," என்றான்.

அன்று சாயங்காலம் செல்வா கொட்டகையில் சாணம் வாரிக்கொண்டிருந்தான். யூஜினியா அவனிடம் போய் நின்றாள்.

"ஆலம்கீர அடிச்சப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சி மேடம்."

"முன்னாடியே இருந்ததா சொல்றாங்க."

"யாரு சொல்றது?" அவன் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனான்.

அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. அடித்த பையன்களைக் காப்பாற்றுகிறானா? அல்லது மாட்டை இவனே விற்றுவிட்டானா? அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வந்தது போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவன் கொடிக்கம்பத்தின் பக்கம் தனியாக உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு வாய் வைத்துவிட்டு மீதியை அப்படியே மடித்து வீசுவதை அவள் அலுவலகக் கொள்கலனின் சன்னல் வழியே பார்த்திருந்தாள்.

மழை ஒருவழியாக ஓய்ந்து வெயில் ஏறிய வாரத்தில் கரை இறங்கியது.

அந்தப் பக்கத்து மண் சதுப்பு மண். கறுப்பாக, கையில் பிழிந்தால் தண்ணீர் வடியும். அதன்மேல் அப்படியே கரை போட்டால் நிற்காது. ஆழமாகத் தோண்டி அந்த மண்ணை வெளியே எடுத்துவிட்டு, கல்லும் மணலும் நிரப்பி, உருளை ஓட்டி அழுத்தி, அதற்குமேல்தான் கரை. அந்த வேலையை வெளியே ஒரு கான்டிராக்டரிடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய சுப்பர்வைசர் கார்த்திகேசு. எப்போதும் சிரித்த முகம். மேனேஜருக்கு முன்னால் கைகட்டித்தான் நிற்பான். கரையில் அடித்திருந்த அளவுக்கட்டைகளில் மற்றதெல்லாம் ஒழுங்காக நிற்க, தோட்டத்துக் கேட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் கட்டை இறங்கிக்கொண்டே வந்தது. கிட்டப் போனால் தரை ஒரு பெரிய தட்டு மாதிரிக் குழிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

"மழைலா மேடம்," என்றான் கார்த்திகேசு. "இத்தன மழைக்கு மண்ணு எறங்கத்தான் செய்யும்."

"மழை இந்த எடத்துல மட்டுமா பேஞ்சிச்சி?"

"சதுப்புலா இது. ஒரு எடம் மாதிரி இன்னொரு எடம் இருக்காது. ரெண்டு லோரி மண்ணு கொட்டி உருட்டிட்டா சரியாயிரும்."

"கல்லு போட்டீங்களா, இல்ல தோண்டுன மண்ணையே திருப்பிப் போட்டு மூடிட்டீங்களா?"

"ஐயோ, என்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க." அவன் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்படிக் கேட்டால் நல்லவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

தோட்டத்து நாய்கள் அந்தக் குழிவைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று காலால் பறித்துக்கொண்டிருந்தது. ஒரு தொழிலாளி கல்லை விட்டெறிந்து விரட்டினான். அவன் விரட்டிய வேகம் நாய்க்கு வேண்டியதைவிட அதிகம் என்று யூஜினியாவுக்குப் பட்டது.

தலைமை அலுவலகத்தில் டெரல் என்பவர்தான் அவளுக்கு மேலதிகாரி. போனில் சொன்னாள்.

"அடுத்த வாரம் பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க, யூஜினியா. இப்ப போய் கரைய தோண்டிப் போட்டுக்கிட்டு நிக்கப் போறியா? மேல கொட்டி லெவல் பண்ணிரு."

"நாளைக்கு ரயிலு ஓடறப்ப எறங்குனா?"

"ரயிலு ஓட இன்னும் எவ்ளோ நாளு கெடக்கு. அப்ப நீயும் நானுமா இங்க இருக்கப் போறோம்?"

அவள் போனை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அந்த இடத்தைத் தோண்ட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். கல் திருட்டுத்தான் என்று அவள் மனதில் முடிவாகியிருந்தது.

சாயங்காலம் பின்கட்டுக் குழாயடியில் பூட்ஸ் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது செல்வா பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மேடம், அந்த எடத்த தோண்டித்தான் ஆகணுமா?"

"ஏன்?"

"இல்ல... அடியில தண்ணி ஊறும். மெஷினு புதைஞ்சிருச்சின்னா கஷ்டம்."

"கார்த்திகேசு சொல்லச் சொன்னாரா?"

"இல்ல மேடம். நானாத்தான்."

"செல்வா, அங்க என்ன இருக்கு?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அடுப்படிச் சன்னலில் தனேஸ்வரியின் முகம் தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். தனேஸ்வரி சன்னலை விட்டு நகரவில்லை.

"என் வீட்டுக்காரர்கிட்ட என்னாக்கா ரகசியம்?"

"ரகசியம் ஒன்னும் இல்ல. சைட்டு விஷயம்."

"சைட்டு விஷயத்த சைட்டுல பேசலாம்லா. கொஞ்ச நாளா அவரு ராப்பகலா தூங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. உங்களப் பாத்தா மட்டும் மெதுவா பேசுறாரு." அவள் பொருமினாள். "உங்கள என் கூடப்பொறந்தவ மாதிரிதான் நெனைச்சேன். இப்ப யார நம்புறதுன்னே தெரியல."

காலையில் தோண்டத் தொடங்கினார்கள். மேலே செம்மண், அதற்குக் கீழே கொஞ்சம் கல். கொஞ்சம்தான். அதற்கும் கீழே கறுப்பு மண் புதைகுழியாகக் கிடந்தது. யூஜினியா கார்த்திகேசுவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் யாருக்கோ போன் பண்ணுவதுபோல் தள்ளிப் போய் நின்றான். பேக்கோ இயந்திரம் இன்னும் ஒரு வாரி வாரியபோது நாற்றம் கிளம்பியது. இயந்திரக்காரன் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டான். மண் வாரும் கரண்டியின் பல்லில் ஆரஞ்சு நிறத் துணி ஒன்று தொங்கியது.

கீழே இறக்கினார்கள். சைட் ஆட்கள் போடும் ஆரஞ்சு மேல்சட்டை. சேற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும், முதுகில் கறுப்பு மையால் எழுதியிருந்தது தெரிந்தது. ரஃபிக். அந்த மண்ணிலேயே நீளமாக ஓர் எலும்பு.

இயந்திரக்காரன் குதித்து இறங்கி ஓடிப்போய் வாந்தி எடுத்தான். தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். கையில் கட்டுப் போட்ட ஆலம்கீர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தச் சட்டையைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"காட்டுப்பன்னி மேடம்," கார்த்திகேசு ஓடிவந்து அவள் காதருகில் சொன்னான். "எப்பவோ விழுந்து செத்தது. மூடிரலாம். பெரிசு பண்ணாதீங்க."

"பன்னி சட்டை போடுமா?"

அவள் பொலிசுக்குப் போன் பண்ணினாள். எண்ணைத் தப்பாக அழுத்தி மறுபடி அழுத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோது சைட் வாசலில் கொடி தரையில் கிடந்தது. செல்வாவைக் காணவில்லை.

பொலிஸ் வந்து கயிறு கட்டி, எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னதும் அவள் நேரே வீட்டுக்குக் கார் ஓட்டினாள். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தாள். செல்வா தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். தனேஸ்வரி அவன் எதிரில் நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. சேதி போனில் ஊர் முழுக்க வந்துவிட்டிருந்தது.

"சொல்லுங்க," என்று தனேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆளையா பொதைச்சீங்க? என் மாட்ட திருடுனான்னு அவன அடிச்சுப் பொதைச்சீங்களா? எனக்காகவா? சொல்லுங்க!"

"இல்ல தனா."

"அவன் சட்டை எப்படிங்க மண்ணுக்குள்ள வந்துச்சி?"

யூஜினியா அடுப்பை அணைத்தாள். "செல்வா, பொலிஸு இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க வருவாங்க. அவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லிருங்க. ரஃபிக் எங்க?"

"உசுரோட இருக்கான் மேடம். சுங்கை பஞ்சாங்ல. கார்த்திகேசுதான் அன்னிக்கே வேன்ல ஏத்தி அனுப்பிட்டாரு." அவன் மனைவியை ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னான். "அங்க இருக்கிறது ஆளு இல்ல தனா. நம்ம பவுனு."

தனேஸ்வரி பக்கத்திலிருந்த பலகையில் உட்கார்ந்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது நிம்மதிதான். "ஆளு இல்லதானே?" என்று மறுபடி கேட்டாள். "சாமி சத்தியமா ஆளு இல்லதானே?"

"இல்ல."

கொஞ்சம் கொஞ்சமாக அவன் சொன்னான். மழை வரும்போல் இருந்த சாயங்காலம். லோரி ஓய்ந்திருந்த நேரம் பார்த்துக் கொடியைச் சாத்திவிட்டுத் தே ஓ தேநீர் குடிக்கப் போயிருக்கிறான். சைட் வாசலை மூடும் வேலித் தகடு திறந்து கிடந்தது. அவன் வழக்கமாக நிற்கும் இடம் என்று பவுனு உள்ளே வந்துவிட்டது. தோண்டி வைத்திருந்த குழியில் தண்ணீர் தேங்கித் தரைபோல் கிடந்தது. இறங்கிவிட்டது. வயிறு வரைக்கும் சேறு.

"நானும் ரஃபிக்கும்தான் கயிறு போட்டு இழுத்தோம். வரல. கார்த்திகேசு வந்து பேக்கோல பெல்ட்டு மாட்டித் தூக்கச் சொன்னாரு. தூக்குறப்ப முதுகு ஒடிஞ்சிருச்சி. சத்தம் கேட்டுச்சி தனா. அப்புறம் செத்துருச்சி. மூடிருங்கன்னாரு. மேடத்துக்குத் தெரிஞ்சா வேலைய நிப்பாட்டிருவாங்க, மொதல்ல உன் வேலைதான் போவும், நீதான் தகட்ட தெறந்து போட்டன்னாரு. வேற மாடு வாங்கித் தரேன்னாரு."

"நான் ரஃபிக்குன்னு சொன்னப்ப?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கடையில நின்னு ஊருக்கெல்லாம் அவன் பேர சொன்னேனே, அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? அந்தப் பையன் கைய ஒடிச்சாங்களே, நீ அங்கதான நின்ன? நின்னுக்கிட்டுத்தான இருந்த?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. இப்போது சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

பொலிஸ் அன்றைக்கே மாட்டெலும்பு என்று உறுதிசெய்தார்கள். டெரல் போன் பண்ணினார். காட்டு மிருகம் விழுந்து இறந்தது என்று எழுதிவிட்டால் விவகாரம் முடிந்தது என்றார். "பேரு வச்சு வளத்த மாடு சார்," என்று யூஜினியா சொன்னாள். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். கல் குறைவாகப் போட்டதையும் சேர்த்துத்தான். கார்த்திகேசுவின் கூட்டத்தை வெளியேற்றினார்கள். அவள் பகுதியில் வேலை நின்றது. பார்க்க வரவிருந்த பெரிய ஆட்கள் வேறு பகுதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளையும் வேறு எங்கேயாவது மாற்றுவார்கள் என்று பேச்சு வந்தது. சைட் அலுவலகத்தில் முன்பு எழுந்து வணக்கம் சொன்னவர்கள் இப்போது கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வாவுக்கு வேலை இல்லை. வீட்டில் அவனே சமைத்தான், மாடு கழுவினான், முற்றம் கூட்டினான். தனேஸ்வரி அவனோடு பேசவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் பின்கட்டுக் கதவைத் தட்டினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"அக்கா, என்ன சுங்கை பஞ்சாங்குக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"ரஃபிக்கப் பாக்கவா?"

"அவன் பேர சொன்னது நான்தானே. நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்."

உடனே கிளம்பினார்கள். செக்கிஞ்சான் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். கதிர் பால் பிடிக்கும் பருவம். காற்றுக்குப் பச்சை அலையலையாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கேட்டுக் கேட்டுப் போய், ஒரு வாய்க்கால் ஓரத்தில் ரஃபிக்கைக் கண்டுபிடித்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று மண் வாரிக்கொண்டிருந்தான். ஒல்லியான பையன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. காரிலிருந்து யூஜினியா இறங்கியதைப் பார்த்ததும் மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"பொலிஸா மேடம்?"

"பொலிஸ் இல்ல. இவங்க தனேஸ்வரி. மாட்டுக்காரங்க."

அது அவனை இன்னும் பயமுறுத்தியது. சுற்றிலும் ஓட வழி பார்த்தான். தனேஸ்வரி கரையிலேயே குந்தி உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த மலாயில், பாசாரில் காய் வாங்கப் பேசும் மலாயில், சொன்னாள்.

"தம்பி, நீ திருடுனன்னு ஊர்ல சொன்னது நான்தான். அதனாலதான் ஆலம்கீர் கைய ஒடிச்சாங்க. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அவன் அவளையே பார்த்தான். நம்பவில்லை. பிறகு மெதுவாக, "ஆலம்கீர் கை எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"கட்டு போட்டிருக்கு. சேந்துரும்னாங்க."

மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டுக் கரையேறி வந்தான். கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தான். அவள் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான், பிரிக்கவில்லை.

"நான் சொன்னேன் அக்கா. மாட்டுக்காரங்கள கூப்பிடலாம், அவங்க வந்து பாக்கட்டும்னு சொன்னேன். சுப்பர்வைசர் கேக்கல. எனக்கு வேற ஒன்னும் செய்ய முடியல. சட்டையக் கழட்டி அது கண்ண மூடுனேன்."

தனேஸ்வரி நிமிர்ந்தாள். "செத்த மாட்டுக் கண்ண எதுக்கு மூடுன?"

ரஃபிக் யூஜினியாவைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்பதுபோல இருந்தது. யூஜினியா தலையை அசைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"சாகல அக்கா. எழுந்திருக்க முடியல, அவ்ளோதான். பேக்கோ மண்ணத் தள்ள வந்தப்ப தலையத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சி. அதான் மூடுனேன்." அவன் பொட்டலத்தை மடியில் வைத்தான். "செல்வா அண்ணன் மேல நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. அவரு குரல் கேட்டா அது அடங்கிக் கெடந்துச்சி. மண்ணு மூடுற வரைக்கும் கூப்பிட்டாரு."

தனேஸ்வரி எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். ரஃபிக்கின் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள்.

திரும்பும்போது யூஜினியா ஏதாவது சொல்லவேண்டும் என்று பலமுறை நினைத்தாள். ஆறுதலாக வாயில் வந்ததெல்லாம் பொய்யாக இருந்தது.

வீட்டில் செல்வா சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

"உசுரோட இருந்துச்சா?" என்று தனேஸ்வரி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

அவன் பானையைக் கீழே வைத்தான். "முதுகு ஒடிஞ்சிருச்சி தனா. பொழைச்சிருக்காது."

"நான் அத கேக்கல."

"கண்ணு மூடித்தான் இருந்துச்சி. அதுக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காது."

"மூடுனது ரஃபிக்கு."

அவனுக்கு அழுகை வந்தது. அவன் அழுது முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பக்கத்தில் போகவில்லை.

"சட்டைய மாட்டிக்கிட்டு வா," என்றாள்.

"எங்க?"

"கொங்சிக்கு."

முன்னால் அவனும் பின்னால் அவளுமாகத் தாமான் வழியே நடந்தார்கள். யூஜினியாவும் கூடப் போனாள். கடைமுன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்ற பவனேஷைப் பார்த்துத் தனேஸ்வரி, "நீயும் வா. உன் கூட்டாளிங்களையும் கூப்பிடு," என்றாள். அவள் சொன்ன விதத்தில் அவன் ஏன் என்று கேட்காமல் வந்தான். வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

கொங்சியில் சமையல் நேரம். இத்தனை பேர் வருவதைப் பார்த்ததும் அடுப்பருகில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவன் விறகுக் கட்டையைக் கையில் எடுத்தான். ஆலம்கீர் கட்டுப்போட்ட கையை மறு கையால் அணைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான்.

"தம்பி, நில்லு," என்றாள் தனேஸ்வரி. "இன்னிக்கு யாரும் அடிக்க வரல."

செல்வா நடுவில் போய் நின்றான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

"மாட்ட யாரும் திருடல. நான் தகட்ட சாத்தாமப் போயிட்டேன். குழியில விழுந்துச்சி. ரஃபிக்கு இழுத்துப் பாத்தான், முடியல. மாடு செத்துருச்சி. பொதைச்சிட்டோம். எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல. ஆலம்கீர அடிக்கிறப்ப நான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பவனேஷ் தரையைப் பார்த்தான். செல்வா பேசி முடித்தவன்போல முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கும் பார்வை.

தனேஸ்வரி கொங்சியின் வாசலிலேயே நின்றாள். வழி விடவில்லை.

"முழுசா சொல்லு," என்றாள்.